காதலுக்கு இங்கே என்ன வேலை? டினா டர்னரின் பாட்டு சொல்வதும் மறைப்பதும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பிறந்த பாடகி டினா டர்னர் 1984-இல் பாடிய 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' காதலே பொய் என்று சொல்லும் பாட்டா? முதல் கணவர் ஐக் டர்னரிடம் அவர் பட்ட பாடுதான் அந்தப் பாட்டாக வந்ததா?

முதல் பாதிக்கு என் பதில்: பல்லவியை மட்டும் கேட்டால் ஆமாம், சரணங்களையும் சேர்த்துக் கேட்டால் இல்லை. இரண்டாம் பாதிக்கு: எழுதியபோது அந்தப் பாட்டுக்கும் அவர் வாழ்க்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பாடியபிறகு இரண்டையும் பிரிக்கவே முடியவில்லை. இப்படி இரண்டு பக்கமும் பேசி நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வரிகளைப் பார்த்தால் புரியும்.

எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது பல்லவிதான். காதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், காதல் என்பதே ஒரு செகண்ட் ஹேண்ட் உணர்ச்சிதானே, உடையக்கூடிய இதயம் யாருக்கு வேண்டும் என்று மூன்று கேள்விகள். இதை மட்டும் வைத்துக்கொண்டு 'காதலை வெறுக்கும் பாட்டு' என்று முத்திரை குத்துவது சுலபம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றுமே கேள்விகள். எதையும் அடித்துச் சொல்லவில்லை. காதல் கிடையாது என்று உறுதியாக நம்புகிற ஒருத்தி இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள், சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

இப்போது முதல் சரணத்துக்கு வருவோம். அவள் தன்னோடு பேசிக்கொள்ளவில்லை. எதிரே ஒருவன் இருக்கிறான், அவனிடம் பேசுகிறாள். உன் கை பட்டால் என் நாடி துடிக்கிறது, அது உண்மைதான், ஆனால் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறாள். இது ஆணும் பெண்ணும் சந்தித்தால் வருகிற கிளர்ச்சி, எதிரெதிர் துருவங்களின் ஈர்ப்பு, உடல் சமாச்சாரம், தர்க்கப்படி நடப்பது. பள்ளிக்கூட அறிவியல் பாடம் போல அடுக்கிக்கொண்டே போகிறாள். அடுத்து வருகிற வரிதான் பாட்டின் சாவி என்பேன். இதற்கு மேலும் இதில் பொருள் இருக்கிறது, அதை நீ கண்டுகொள்ளாமல் இருக்கப் பார் என்பதுதான் அந்த வரி.

பலரும் இதை 'இதற்கு மேல் எதுவும் இல்லை' என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டு அப்படிச் சொல்லவில்லை. மேலே ஏதோ இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் அதைப் பார்க்காதே என்கிறது. அதிலும் அந்தப் பொறுப்பை அவன் தலையில் கட்டுகிறாள். தன்னால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அதனால் அவனாவது இருக்கட்டும் என்று. மூச்சுவிடாமல் வாதாடிவிட்டு, கடைசி வாக்கியத்தில் எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்லிவிடுகிறாள்.

இரண்டாவது சரணம் இன்னும் சுவாரசியம். நீ பக்கத்தில் வந்தால் நான் குழம்பிப்போய் நிற்பதுபோல உனக்குத் தெரியலாம், எங்கோ படித்திருக்கிறேன், இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு என்கிறாள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது என்றும் சொல்கிறாள். ஆனால் அந்தப் பெயரைச் சரணத்தில் சொல்லவே மாட்டாள். என்ன காரணமாக இருந்தால் என்ன, நீ என்னை என்னவோ செய்கிறாய் என்று முடித்துவிடுகிறாள். உடனே பல்லவி வருகிறது, அதில் சொல்லாமல் விட்ட அந்தச் சொல் வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. சரணத்தில் வாய் வரை வந்து நின்ற வார்த்தை, பல்லவியில் திட்டுவதற்காக மட்டும் அனுமதிக்கப்படுகிறது. பாட்டின் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்தச் 'செகண்ட் ஹேண்ட் உணர்ச்சி' விஷயத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. பொதுவாக இதற்கு, ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தித் தேய்ந்துபோன இதயம், பழைய காயம் என்று பொருள் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் 'எங்கோ படித்திருக்கிறேன்' என்ற வரியோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு பொருள் கிடைக்கிறது. காதல் என்று நாம் நினைப்பதெல்லாம் கதையிலும் சினிமாவிலும் பாட்டிலும் பிறர் பட்டதைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டதுதான், நம்முடையதாக என்ன இருக்கிறது என்ற சந்தேகம். ஒரு பாப் பாட்டே இந்தக் கேள்வியைக் கேட்பது கொஞ்சம் குறும்புதான். உலகத்துக்குக் காதலைக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கும் கடையே அதுதானே!

அப்புறம் பாட்டின் பின்பகுதியில் ஒரு சின்னத் துண்டு வருகிறது. நான் இப்போது ஒரு புதிய திசையில் போய்க்கொண்டிருக்கிறேன், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், என் பாதுகாப்பைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இப்படி உணர்வதே எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் பேசிய உடல், தர்க்கம், துருவம் எல்லாம் போய்விட்டது. 'பயம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வருகிற பல்லவி முதலில் கேட்ட அதே பல்லவியாக நம் காதில் விழாது. முதல் தடவை ஏளனமாகக் கேட்ட கேள்வி இப்போது தற்காப்பாகக் கேட்கிறது. வரி மாறவில்லை, பேசுகிறவளை நமக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, பாட்டு சந்தேகப்படுவது காதல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அல்ல. இன்னொரு தடவை அதைத் தாங்க நம்மால் முடியுமா என்பதைப் பற்றி.

இசையும் இதற்கு ஒத்துழைக்கிறது. காதலைத் திட்டும் பாட்டு என்றால் கிடார் அலற வேண்டும், டிரம்ஸ் இடிக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஜமைக்காவின் ரெக்கே இசைச் சாயல் உள்ள நிதானமான தாளம், மெத்தென்ற சிந்தசைசர், நடுவே ஹார்மோனிகா போல ஒரு தனி வாசிப்பு. அது ஹார்மோனிகாவே இல்லை. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களை எல்லாம் பிடித்திருந்த யமாஹா டிஎக்ஸ் 7 கீபோர்டில் நிக் கிளெனி-ஸ்மித் வாசித்தது. மூச்சு விட்டு ஊத வேண்டிய கருவியை இயந்திரம் நடிக்கிறது. உணர்ச்சியே செகண்ட் ஹேண்டுதான் என்று சொல்லும் பாட்டில் இப்படி அமைந்தது தற்செயலாகத்தான் இருக்கும், ஆனால் பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1971-இல் 'ப்ரவுட் மேரி'யில் தொண்டை கிழியப் பாடிய அதே டினாதான் இவர். மேடையை ஒரு சூறாவளி மாதிரி துவம்சம் செய்கிறவர் என்று பெயர் வாங்கியவர். இந்தப் பாட்டின் சரணங்களில் அந்தக் குரலை இழுத்துப் பிடித்துவைக்கிறார். கீழ்ஸ்தாயியில், ஏறக்குறைய பேசுகிற தொனியில், பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல. குரலின் ஓரத்தில் அந்தக் கரகரப்பு மட்டும் இருந்துகொண்டே இருக்கிறது. இதைவிடப் பத்து மடங்கு சத்தம் இவரால் போட முடியும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த அடக்கமே ஒரு செய்தி. எதையோ அமுக்கிவைத்திருக்கிறாள் என்று வரிகள் சொல்வதற்கு முன்பே குரல் சொல்லிவிடுகிறது.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி.

பாட்டை எழுதியவர்கள் டெர்ரி பிரிட்டன், கிரஹாம் லைல் என்ற இரண்டு ஆண்கள். டெர்ரி பிரிட்டன், கிளிஃப் ரிச்சர்டு என்ற ஆங்கிலப் பாடகருக்கு 'டெவில் வுமன்' போன்ற வெற்றிப் பாட்டுகளில் பங்களித்தவர். லைல் ஸ்காட்லாந்துக்காரர், கலகர் அண்ட் லைல் என்ற ஜோடியில் பாதி. இவர்கள் டினாவை மனதில் வைத்து இதை எழுதவில்லை. முதலில் கிளிஃப் ரிச்சர்டிடம் போயிற்று, அவர் வேண்டாம் என்றார். அமெரிக்கப் பாடகி டோனா சம்மரிடமும் போனது, அவரும் பதிவு செய்யவில்லை. பக்ஸ் ஃபிஸ் என்ற பிரிட்டிஷ் குழு டினாவுக்கு முன்னாலேயே ஒரு பதிவு செய்தும் வைத்திருந்தது. டினாவின் பதிவு வந்து வெற்றி பெற்றுவிட்டதால் அது கிடப்பில் போடப்பட்டு, 2000-இல்தான் வெளியானது. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். வரிகளும் மெட்டும் அதேதான், ஆனால் அது ஒரு நல்ல பொழுதுபோக்குப் பாட்டு மட்டுமே.

டினாவுக்கே முதலில் இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. தனக்கு ஒத்துவராத மெல்லிய பாப் சமாச்சாரம் என்று நினைத்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய மேலாளர் ரோஜர் டேவிஸ்தான் விடாமல் இழுத்துக்கொண்டு போனார்.

இதே மாதிரி முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1960-இல் அவருடைய முதல் வெற்றி 'எ ஃபூல் இன் லவ்'. காதலில் முட்டாளாகிப் போன, தன்னை மோசமாக நடத்துகிறவனை விட்டு விலக முடியாத ஒரு பெண்ணின் பாட்டு. எழுதியவர் பின்னாளில் அவர் கணவரான ஐக் டர்னர். அதைப் பாட வேண்டியவர் ஆர்ட் லாசிட்டர் என்ற ஆண் பாடகர். அவர் வராததால் அன்னா மே புல்லக் என்ற இளம்பெண் பாடினார். அவருக்கு டினா டர்னர் என்ற பெயரையும் ஐக்கே சூட்டினார். இன்னொருவருக்கு வைத்திருந்த பாட்டோடு அவர் வாழ்க்கை ஐக்கிடம் போய்ச் சேர்ந்தது. இருபத்து நான்கு வருஷம் கழித்து, இன்னொருவருக்கு வைத்திருந்த வேறொரு பாட்டோடு தனியாளாக உச்சிக்குப் போனார். முன்னது காதலில் கண்மூடிக் கிடப்பவளின் குரல், பின்னது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பயப்படுபவளின் குரல். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

இடையில் நடந்தது உலகறிந்த கதை. ஐக்கிடம் வருஷக்கணக்கில் அடி உதை. 1976 ஜூலையில் டல்லாஸ் நகரத்தில் ஒரு ஹோட்டலிலிருந்து, தூங்கிக்கொண்டிருந்த ஐக்கை விட்டு வெளியேறி, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் ஓடினார். கையில் இருந்தது 36 சென்ட் காசும் ஒரு பெட்ரோல் அட்டையும். 1978-இல் விவாகரத்து முடிந்தபோது பெரும்பாலானவற்றை விட்டுக்கொடுத்துவிட்டு டினா டர்னர் என்ற பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கடனை அடைக்கக் கிடைத்த மேடையெல்லாம் ஏறினார். 1984 செப்டம்பரில் இந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் இருந்தபோது அவருக்கு வயது 44. அதுவரை அந்த இடத்தைத் தனியாகப் பிடித்த பெண்களில் அவர்தான் வயதில் மூத்தவர். மறுவருஷம் கிராமி விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த பதிவு, சிறந்த பாடல், சிறந்த பாப் பாடகி என்று மூன்றையும் இந்த ஒரே பாட்டு வாரிக்கொண்டது.

இருபது வயதுப் பாடகி ஒருத்தி 'உடையக்கூடிய இதயம் யாருக்கு வேண்டும்' என்று பாடினால் கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். 44 வயதில், இவ்வளவையும் கடந்து வந்தவர், கேட்கிறவர்களுக்கும் அவர் கடந்து வந்தது தெரிந்திருக்க, அதே வரியைப் பாடும்போது அது வேறு எடை. எழுதியவர்கள் ஒரு பொதுவான சட்டை தைத்திருந்தார்கள், போட்டுக்கொண்டவர் உடம்புக்கு அளவெடுத்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் ஒரு தவறான வாசிப்பும் நுழைகிறது. பாட்டை ஐக்குக்கு அவர் கொடுத்த பதிலடியாகக் கேட்கிறவர்கள் ஏராளம். 1986-இல் வந்த டினாவின் சுயசரிதையை வைத்து 1993-இல் எடுத்த திரைப்படத்துக்கு இந்தப் பாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள், அதோடு விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு பாட்டு வேறு, அடிபட்ட கதை வேறு என்று பார்க்கவே ஆளில்லை. கதையைச் சொல்லி முடித்துவிட்டால் இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்த டினாவிடம், ஒவ்வொரு பேட்டியிலும் திரும்பத் திரும்ப ஐக்கைப் பற்றியே கேட்டார்கள். 2021-இல் வந்த அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் அந்தச் சலிப்பு அப்பட்டமாகத் தெரியும்.

வரிகளை வைத்துப் பார்த்தாலும் அந்த வாசிப்பு நிற்காது. சரணங்களில் அவள் பேசுவது யாரிடம்? கை பட்டாலே நாடி துடிக்கவைக்கிற ஒருவனிடம், பக்கத்தில் வந்தால் தடுமாறவைக்கிறவனிடம். அவன் புதியவன். அவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பாட்டு முழுக்கத் தேடினாலும் அவன் செய்த குற்றம் என்று ஒன்றுகூட வராது. பழையவன் பாட்டில் எங்காவது இருக்கிறான் என்றால் அந்தப் பயத்தில்தான் இருக்கிறான். பேச்சு முழுவதும் புதியவனோடுதான். இது பதிலடிப் பாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் நின்றிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. திட்டும் பாட்டுகளுக்கு ஆயுள் குறைவு. 1980-இல் ஜே. கைல்ஸ் பேண்ட் என்ற ராக் குழுவினர் காதலே நாற்றமடிக்கிறது என்று பாடினார்கள். கேட்க ஜாலியாக இருக்கும், இரண்டாவது தடவை கேட்டால் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

இதற்கு உண்மையான உறவுக்காரப் பாட்டு வேறொன்று. 1975-இல் 10சிசி குழு வெளியிட்ட 'ஐ'ம் நாட் இன் லவ்'. எனக்கு ஒன்றும் காதல் இல்லை, மறந்துவிடாதே, இது சும்மா ஒரு கட்டம் என்று ஒருவன் அடுக்கிக்கொண்டே போவான். உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்கே இருக்கும் ஒரு கறையை மறைக்கத்தான் என்பான்! பொய் என்பது சொல்லும்போதே தெரிகிற பொய். அந்தக் குழுவின் எரிக் ஸ்டூவர்ட் அந்தப் பாட்டை எழுதியதற்குக் காரணம், நீங்கள் ஏன் 'உன்னை நேசிக்கிறேன்' என்று அடிக்கடி சொல்வதில்லை என்று மனைவி கேட்டதுதான். தினமும் சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும் என்று நினைத்தவர், சொல்லாமலே சொல்ல ஒரு வழி பார்த்தார். நூற்றுக்கணக்கான குரல்களை டேப்பில் அடுக்கடுக்காகச் சேர்த்து, பின்னணியில் ஒரு குரல் மேகத்தையே மிதக்கவிட்டார்கள். வாய் இல்லை என்கிறது, பின்னால் அத்தனை குரலும் ஆமாம் என்கிறது.

இரண்டு பாட்டுக்கும் உத்தி ஒன்றே. மறுப்பவரை வைத்தே ஒப்புக்கொள்ள வைப்பது. ஆனால் ஆண் பாடும்போது அது வீம்பு, கௌரவப் பிரச்சினை, ஆகவே கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. டினா பாடும்போது சிரிப்பு வருவதில்லை. அவனுக்குப் போவது மானம் மட்டும்தான். அவளுக்கு அதைவிடப் பெரியது போகக்கூடும், 'பாதுகாப்பு' என்ற வார்த்தை அந்தப் பாட்டில் சும்மா வந்து விழவில்லை. எழுதியவர்கள் மனதில் என்ன இருந்ததோ, பாடியவர் வாயில் அதற்கு அந்தப் பொருள் வந்துவிட்டது.

இன்னும் ஒரு விஷயம், இதை அடிக்கடி கேட்கிறார்கள்: டினாவே பிறகு எர்வின் பாக் என்பவரைக் காதலித்து மணந்துகொண்டாரே, அப்படியானால் பாட்டைத் தானே பொய்யாக்கிவிட்டாரா?

பாக் ஜெர்மானியர், இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், டினாவைவிடப் பதினாறு வயது இளையவர். 1980-களின் நடுவில் டினாவை அழைத்துப்போக பாக் விமான நிலையத்துக்கு வந்தபோதுதான் முதலில் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சந்திப்பைப் பற்றி டினா பின்னாளில் எழுதியிருக்கிறார். இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது, கைகள் சில்லிட்டுப்போயின. பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு சேர்ந்தே வாழ்ந்துவிட்டு, 2013-இல்தான் சுவிட்சர்லாந்தில் திருமணம் செய்துகொண்டார்கள். 2017-இல் டினாவின் சிறுநீரகம் செயலிழந்தபோது பாக் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். 2023 மே 24-இல் டினா இறக்கும்வரை கூடவே இருந்தார்.

இது பாட்டைப் பொய்யாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் சரணத்தில் கை பட்டுத் துடிக்கும் அந்த நாடிதான் விமான நிலையத்திலும் துடித்திருக்கிறது. கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம்போல எடுத்துக்கொண்ட நிதானத்தில் 'என் பாதுகாப்பைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற வரியும் இருக்கிறது. பாக்கோடு வாழத் தொடங்கிய பிறகும் அவர் இந்தப் பாட்டை மேடையில் விடவில்லை. 2009-இல் முடிந்த கடைசிச் சுற்றுப்பயணம் வரை பாடினார், பல்லவி வரும்போது கூட்டத்தையும் பாட வைப்பார். ஜோடி ஜோடியாக வந்தவர்களும் காதலுக்கு இங்கே என்ன வேலை என்று தொண்டை கிழியக் கேட்டுவிட்டு, கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.